மௌனப்படம் பாக்கத் தொடங்கறவங்களுக்கு: 50 விநாடிப் படத்துல இருந்து ஆரம்பிங்க

உலக சினிமாவோட ஆரம்பகாலத்த தெரிஞ்சுக்கணும்னு ஆசைப்படற நிறைய பேர் முதல்ல செய்யறது "கட்டாயம் பாக்க வேண்டிய 100 படங்கள்"னு ஒரு லிஸ்ட்ட எடுத்து வச்சுக்கறது தான். அதுல மேல இருக்கறது பெரும்பாலும் மூணு மணி நேரப் படமா இருக்கும், கிடைக்கற பிரிண்ட் (படத்தோட பிரதி) மங்கலா இருக்கும், ஆட்கள் கிடுகிடுன்னு ஓடுவாங்க, பின்னாடி சம்பந்தமே இல்லாம ஒரு பியானோ, அரை மணி நேரத்துல மூடி வச்சிட்டு இது நமக்கு ஒத்துவராதுன்னு போயிடுவாங்க. எனக்கு இது ரொம்ப வருத்தம், ஏன்னா தப்பு படத்துலயும் இல்ல பாக்கறவங்ககிட்டயும் இல்ல, பாக்கற வரிசைலயும் கையில கிடைச்ச பிரிண்ட்லயும் தான்.

அதனால 1895ல இருந்து பேசும்படம் வந்த 1927 வரைக்கும் உள்ள இந்த 32 வருஷத்துல படத்தோட நீளத்த பிடிச்சுக்கிட்டே ஏறுங்க. முதல்ல ஒரு நிமிஷப் படங்கள், அப்புறம் அஞ்சு நிமிஷம், பத்து, பதினஞ்சு, முழுநீளம் கடைசில. இன்னொண்ணும் வேணும், "பாவம், இவங்களுக்கு அப்ப சினிமா எடுக்கத் தெரியல"ங்கற நினைப்ப முதல் நாளே கழட்டி வச்சிடணும். கேமராவ ஏன் அங்க வச்சாங்க, ஏன் அங்க வெட்டினாங்கன்னு கேட்டுக்கிட்டே பாத்தீங்கன்னா அவங்களுக்கு நல்லாத் தெரிஞ்சு தான் செஞ்சிருக்காங்கன்னு புரியும்.

முதல் படி: லூமியே சகோதரர்கள், ஒரு சாயங்காலம் போதும்

1895 டிசம்பர் 28, பாரிஸ்ல கிராண்ட் கஃபேயோட அடித்தளத்துல இருந்த ஒரு ஹால், டிக்கெட் 1 ஃபிராங்க், காசு குடுத்து வந்தவங்க 33 பேர், லூமியே சகோதரர்கள் காட்டினது 10 படம், ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. ஏன் அவ்வளவு சின்னதுன்னா கேமராவுக்குள்ள போகற பிலிம் சுருள் 17 மீட்டர் தான், கைப்பிடிய விநாடிக்கு சுமார் 16 பிரேம் (சுருள்ல இருக்கற தனித்தனிப் படம்) வர்ற மாதிரி சுத்தினா 50 விநாடில முடிஞ்சிடும்.

முதல்ல தொழிற்சாலைல இருந்து ஆட்கள் வெளிய வர்ற படத்த பாருங்க. லியோன்ல இருந்த லூமியே குடும்பத்தோட சொந்த ஃபேக்டரி அது. இதுல மூணு வெர்ஷன் இருக்கு, ஒத்தைக் குதிரை வண்டி வர்றது, ரெட்டைக் குதிரை வண்டி வர்றது, குதிரையே வராதது. மூணையும் அடுத்தடுத்து போட்டுப் பாருங்க, நிழல் விழற பக்கம் மாறும், துணிமணி மாறும், குதிரை வராததுல கதவு திறக்கறதும் மூடறதும் அந்த 50 விநாடிக்குள்ள கணக்கா அடங்கியிருக்கும். சும்மா கேமராவ வச்சு நடக்கறத எடுத்துட்டாங்கன்னு நாம நினைச்சிட்டிருந்ததுக்கு நேர்மாறு இது, திட்டம் போட்டு திரும்பத் திரும்ப எடுத்திருக்காங்க.

அடுத்து தோட்டக்காரர் படம். பையன் தண்ணிக் குழாய மிதிக்கறான், தோட்டக்காரர் குழாய் வாயை எட்டிப் பாக்கறார், பையன் காலை எடுக்கறான், தண்ணி மூஞ்சில பீய்ச்சி அடிக்குது. பையன் ஓடறான், அவர் துரத்திப் பிடிக்கறார், பிடிச்ச இடத்துலயே அடிக்காம கேமராவுக்கு முன்னாடி இழுத்துட்டு வந்து தான் அடிக்கறார், ஏன்னா கேமரா நகராது. இந்த ஒரு அசைவுக்காகவே அத நாலு தடவை பாக்கலாம். கேமரா பாக்கற சட்டம்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு எல்லை இருக்கு, நடிக்கறவர் அதுக்குள்ள இருக்கணும்ங்கறது 1895லயே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

லா சியோட்டா ஸ்டேஷனுக்கு ரயில் வர்ற படம் எல்லாரும் கேள்விப்பட்டது தான். ஜனங்க பயந்து எழுந்து ஓடினாங்கங்கற கதைய நம்பிட்டு பாக்காதீங்க, அதுக்கு அந்தக் காலத்து உறுதியான சாட்சி எதுவும் இல்ல, டிசம்பர் 28 காட்சில அந்தப் படம் இருக்கவும் இல்ல. அத விட்டுட்டு கேமரா வச்சிருக்கற கோணத்த பாருங்க, ரயில் தூரத்துல ஒரு புள்ளியா இருந்து குறுக்கா நம்மள நோக்கி வளந்து வரும், அப்புறம் ஆட்கள் இறங்கி கேமராவுக்குக் கிட்டக்க வந்து கடந்து போவாங்க, ஒரே ஷாட்டுக்குள்ள தூரம், நடுவாந்தரம், கிட்டம் மூணும் வந்துடும்.

இந்த இடத்துல யார் முதல்லங்கற சண்டை வரும். இங்கிலாந்துல லீட்ஸ்ல லூயி லெ ப்ரின்ஸ் 1888லயே ஒரு தோட்டத்துல ஆட்கள் நடக்கறத ரெண்டு விநாடி அளவுக்கு எடுத்தார், எடிசன் கம்பெனில டிக்சன் உருவாக்கின கினெட்டோஸ்கோப் 1894 ஏப்ரல்ல நியூயார்க்ல கடை போட்டே ஓடுச்சு (ஆனா அது ஒருத்தர் மட்டும் குனிஞ்சு ஓட்டை வழியா பாக்கற பெட்டி), பெர்லின்ல ஸ்க்ளாடனோவ்ஸ்கி சகோதரர்கள் 1895 நவம்பர் 1 அன்னிக்கே காசு வாங்கிட்டு திரைல காட்டிட்டாங்க. பேர் தெரிஞ்சுக்கோங்க, சண்டைல நேரம் போக்காதீங்க. உபயோகமான கேள்வி என்னன்னா, எடிசன் படங்கள்ல ஏன் பெரும்பாலும் கருப்பு பின்னணில ஒரு ஆள் ஆடறார் இல்ல பலம் காட்டறார், லூமியே படங்கள்ல ஏன் தெருவும் கடலும் வருது? எடிசனோட கேமரா கனமான மெஷின், கரண்ட்ல ஓடறது, அதனால வெயிலுக்குத் தக்கபடி சுத்தற மாதிரி ஒரு கருப்புக் கொட்டகைய கட்டி ஆட்கள அங்க வரவழைச்சாங்க. லூமியேவோடது 5 கிலோ அளவு மரப்பெட்டி, எடுக்கறது, பிரதி போடறது, திரைல காட்டறது எல்லாம் அதுலயே முடியும், அத தூக்கிட்டு ஆட்கள் உலகம் பூரா கிளம்பிட்டாங்க, 1896 ஜூலை 7க்கு பம்பாய் வாட்சன் ஹோட்டல்லயே படம் காட்டிட்டாங்க.

ரெண்டாவது படி: ஒரே சம்பவம் ரெண்டு தடவை வர்ற படங்கள்

இத அவசரப்படாம பாருங்க. ஜார்ஜ் மெலியே தொழில்ல மேஜிக் நிபுணர், பாரிஸ்ல சொந்தமா மேஜிக் தியேட்டர் வச்சிருந்தவர், கிராண்ட் கஃபே காட்சிய நேர்ல பாத்தவர். 1897ல மோன்ட்ரொய்ல கண்ணாடிக் கூரை போட்ட ஸ்டூடியோ கட்டி 500க்கு மேல படம் எடுத்தார். 1902ல வந்த நிலவுப் பயணப் படம் தான் நீங்க பாக்க வேண்டியது, 14 நிமிஷம் அளவு. நிலவு மனுஷங்கள குடையால தட்டினதும் புகையா மறையறத கவனிங்க, கேமராவ நிறுத்தி ஆள மாத்தி திரும்ப ஓட்டறது மட்டும் இல்ல, அப்புறம் அந்த இடத்துல பிலிமையும் வெட்டி ஒட்டி சரி பண்ணியிருக்கார், அதனால தான் அவ்வளவு சுத்தமா இருக்கு. கையால கலர் தீட்டின பிரிண்ட் ஒண்ணு ஸ்பெயின்ல கிடைச்சு 2011ல ரெஸ்டோர் ஆகி வந்துச்சு, முடிஞ்சா அதையும் பாருங்க.

முக்கியமான இடம் ராக்கெட் இறங்கறது. ராக்கெட் நிலவோட கண்ணுல குத்தி நிக்குது, எல்லாரும் பாத்த படம் அது. அடுத்த ஷாட்ல அதே ராக்கெட் நிலவோட தரைல மறுபடியும் வந்து இறங்குது! இப்ப இத யாராவது எடிட் பண்ணினா தப்புன்னு வெட்டிடுவாங்க.

கையோட எடிசன் கம்பெனில எட்வின் போர்ட்டர் எடுத்து 1903ல வந்த அமெரிக்கத் தீயணைப்பு வீரர் படத்த போடுங்க, ஆறு ஏழு நிமிஷம் தான். அறைக்குள்ள ஒரு அம்மா புகைல மயங்கி விழறாங்க, வீரர் வந்து ஜன்னல உடைச்சு அவங்கள தூக்கிட்டுப் போறார், திரும்பி வந்து குழந்தையையும் தூக்கிட்டுப் போறார், முழுசா உள்ள இருந்து பாத்தாச்சு. அப்புறம் அதே சம்பவம் மொத்தமும் முதல்ல இருந்து வெளிய தெருவுல இருந்து காட்டப்படுது, ஏணி, அம்மா, குழந்தை எல்லாம் திரும்ப.

இதுல ஒரு அருமையான விஷயம் இருக்கு. உள்ள, வெளிய, உள்ள, வெளியன்னு இன்னிக்கு மாதிரி மாத்தி மாத்தி வெட்டின ஒரு பிரிண்டும் உண்டு, பல வருஷம் அது தான் போர்ட்டரோட ஒரிஜினல்னு நம்பி நவீன எடிட்டிங் இங்க தான் பிறந்துச்சுன்னு எழுதிட்டாங்க. அமெரிக்காவுல 1912 வரைக்கும் காப்பிரைட் சட்டத்துல சினிமான்னு தனியா ஒரு வகை கிடையாது, அதனால படத்த போட்டோவா பதிவு பண்ண முழுப் படத்தையும் பேப்பர் சுருள்ல பிரிண்ட் போட்டு லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்ல குடுப்பாங்க. அந்தப் பேப்பர் சுருள்ல இருந்தது ரெண்டு தடவை காட்டற வெர்ஷன். மாத்தி வெட்டினது பின்னாடி யாரோ தங்களுக்குச் சரின்னு பட்டபடி செஞ்சது. அந்தப் பேப்பர் சுருள்களால 3000க்கு மேல படங்கள் பிழைச்சிருக்கு.

ஏன் ரெண்டு தடவை காட்டினாங்க? அவங்களுக்கு ஒவ்வொரு ஷாட்டும் ஒரு முழுக் காட்சி, உள்ள இருந்து ஒரு தரம் ரசி, வெளிய இருந்து ஒரு தரம் ரசி, நேரம் ஒரே கோடா ஓடணும்னு கட்டாயம் இல்ல. நிலவுக்கண்ணுல குத்தறதும் அப்படித் தான், அது ஒரு வேடிக்கை, தரைல இறங்கறது இன்னொரு வேடிக்கை. பல தியேட்டர்ல பக்கத்துல ஒருத்தர் நின்னு கதையும் சொல்லுவார். இது உங்களுக்குப் பிடிபட்டுச்சுன்னா ஆரம்பகாலப் படம் எதையும் "வளராத சினிமா"ன்னு பாக்க மாட்டீங்க. 1978ல இங்கிலாந்துல பிரைட்டன்ல உலக பிலிம் ஆர்க்கைவ்காரங்க கூடி 1900ல இருந்து 1906 வரைக்குமான படங்கள் 500க்கு மேல போட்டுப் பாத்தாங்க, ஆராய்ச்சியாளர்களே அதுக்கப்புறம் தான் பழைய வரலாற்றத் திருத்தி எழுத ஆரம்பிச்சாங்க.

அந்த பிரைட்டன்லயும் பக்கத்து ஹோவ்லயும் ஒரு சின்ன கூட்டமே படம் எடுத்துட்டிருந்துச்சு. ஜி.ஏ. ஸ்மித் 1900ல எடுத்த பாட்டியோட பூதக்கண்ணாடி படம், பேரன் கண்ணாடி வழியா பாக்கற கடிகாரம், பறவை, பாட்டியோட கண்ணு எல்லாம் வட்டமா பெருசா வரும், க்ளோசப்புக்கு ஒரு காரணம் சொல்லி வைக்கறார். ஜேம்ஸ் வில்லியம்சன் 1901ல எடுத்ததுல ஒரு ஆள் கேமராவ நோக்கி வந்து வந்து வாயத் திறந்து கேமராவையும் கேமராக்காரரையும் முழுங்கிடுவார். ரெண்டும் சேந்து ரெண்டு மூணு நிமிஷம், தவற விடாதீங்க.

மூணாவது படி: நல்ல பிரிண்ட்ட எப்படி கண்டுபிடிக்கறது

இனிமே படம் நீளமாகும், அதனால இத இப்பவே கத்துக்கோங்க.

வேகம் தான் முதல்ல. மௌனப்படத்த கையால சுத்தி எடுத்தாங்க, விநாடிக்கு 16, 18, 20ன்னு படத்துக்குப் படம் மாறும், பேசும்படம் வந்தப்ப தான் 24ன்னு நிலைச்சது. 16ல எடுத்தத 24ல ஓட்டினா எல்லாரும் பொம்மை மாதிரி ஓடுவாங்க. ஒரே படத்துக்கு ரெண்டு அப்லோடு இருந்து ஒண்ணு 60 நிமிஷம் இன்னொண்ணு 80 நிமிஷம்னா பெரும்பாலும் காரணம் இது தான், இல்லன்னா நடுவுல காட்சி விட்டுப்போயிருக்கும். நடக்கற நடை இயல்பா இருக்கறத எடுத்துக்கோங்க. யூட்யூப்லயே வேகத்த 0.75க்கு குறைச்சுப் பாத்தாலும் சில படம் உயிர் வந்த மாதிரி ஆகிடும்.

அடுத்தது கலர். கருப்பு வெள்ளைன்னு நாம சொல்ற படங்கள்ல நிறைய சாயம் ஏத்தின பிரிண்ட்டா தான் தியேட்டருக்குப் போச்சு, நீலம்னா ராத்திரி, மஞ்சள் சாயல்னா விளக்கு வெளிச்சம், சிவப்புன்னா நெருப்பு. 1922ல ஜெர்மன் இயக்குநர் மூர்னாவ் எடுத்த நொஸ்ஃபெராட்டுவ சாயம் இல்லாத பிரிண்ட்ல பாத்தா ரத்தக்காட்டேரி பட்டப்பகல்ல சவப்பெட்டிய தூக்கிட்டு ஊருக்குள்ள நடக்கும், சூரிய வெளிச்சம் பட்டா செத்துப்போற ஒண்ணு எப்படி பகல்ல நடக்கும்னு கதையே குழம்பிடும். பகல்ல எடுத்து நீலச் சாயம் ஏத்தி ராத்திரி ஆக்கியிருக்காங்க, அது போனா கதையோட முதுகெலும்பே போச்சு. அந்தப் படம் நம்ம கைக்கு வந்ததே பெரிய விஷயம், டிராகுலா நாவல அனுமதியில்லாம எடுத்ததுக்கு எழுத்தாளரோட மனைவி வழக்குப் போட்டு பிரிண்ட் எல்லாத்தையும் அழிக்கச் சொல்லி கோர்ட்டு உத்தரவே வந்துச்சு.

இசை உங்க காதுக்கு ஒத்துவரலன்னா சத்தத்த அணைச்சிட்டு பாக்கறதுல தப்பில்ல. ஏஐ வச்சு 60 பிரேமுக்கு ஏத்தி கலர் போட்ட வீடியோக்கள ஆரம்பத்துல தொடவே வேண்டாம்ங்கறது என் அழுத்தமான கருத்து, அதுல நீங்க பாக்கறது பாதி கம்ப்யூட்டர் ஊகிச்சது.

நாலாவது படி: பத்து பதினஞ்சு நிமிஷப் படங்கள், 1908ல இருந்து 1914 வரைக்கும்

அமெரிக்க இயக்குநர் கிரிஃபித் பயோகிராஃப் கம்பெனில 1908க்கும் 1913க்கும் நடுவுல 450 குறும்படம் அளவுக்கு எடுத்தார். ரெண்டு பாருங்க. 1909ல வந்த தி லோன்லி வில்லா, வீட்டுக்குள்ள அம்மாவும் பிள்ளைகளும், வெளிய திருடங்க, தூரத்துல போன்ல அப்பா, மூணு இடத்துக்கும் மாறி மாறி வெட்டி வேகத்த ஏத்துவார் (முந்தின வருஷமே பிரான்ஸ்ல பாத்தே கம்பெனி கிட்டத்தட்ட இதே மாதிரி ஒண்ணு எடுத்துட்டாங்க). தீயணைப்பு படத்த பாத்துட்டு இத பாத்தா ஆறு வருஷத்துல என்ன மாறிடுச்சுன்னு உடம்புலயே தெரியும், இங்க நேரம் திரும்ப வராது, முன்னாடி மட்டும் தான் ஓடும். அதே 1909ல வந்த எ கார்னர் இன் வீட், கோதுமைய பதுக்கி பணக்காரன் விருந்து வைக்கறான், அடுத்த ஷாட்ல ரொட்டிக்கு வரிசைல நிக்கற ஏழைங்க அப்படியே உறைஞ்சு நிப்பாங்க. சும்மா ரெண்டு ஷாட்ட பக்கத்துல பக்கத்துல வச்சே அவ்வளவு கோபத்த சொல்லிட்டார்.

அதுக்கப்புறம் 1913ல வந்த சஸ்பென்ஸ். லோயிஸ் வெபர்னு ஒரு பெண் இயக்குநர், கணவரோட சேந்து எடுத்தது, தானே நடிச்சும் இருக்காங்க, 10 நிமிஷம். திரைய மூணு முக்கோணமா பிரிச்சு மனைவி, கணவன், வீட்டுக்குள்ள நுழையறவன் மூணு பேரையும் ஒரே நேரத்துல காட்டுவாங்க, மாடில இருந்து கீழ பாத்தா அவன் சட்டுனு தலைய தூக்கி நேரா நம்மள பாப்பான், எனக்கு இன்னமும் அந்த ஷாட்ல பகீர்னு இருக்கும். ஆரம்பகால சினிமான்னா ஆண்கள் பேரா அடுக்கறவங்ககிட்ட இந்தப் பத்து நிமிஷத்த காட்டுங்க, கூடவே பிரான்ஸ்ல கோமோ கம்பெனில செக்ரட்டரியா சேந்து இயக்குநராகி அப்புறம் அமெரிக்காவுல சொந்த ஸ்டூடியோவே கட்டின ஆலிஸ் கீயோட படங்களையும்.

நடிப்பு எப்படி மாறுச்சுன்னு பாக்க 1910ல டென்மார்க்ல வந்த ஆஃப்குருண்டன், ஆஸ்டா நீல்சன் கைய வீசி நடிக்காம சும்மா நின்னே நடிப்பாங்க. 1914ல இத்தாலில வந்த கபிரியா நீளமான படம், முதல் தடவை அரை மணி நேரம் பாத்தாலே போதும், அந்த பிரம்மாண்ட செட்டுக்குள்ள கேமரா வண்டில மெதுவா நகர்றத கவனிங்க.

1915ல கிரிஃபித் எடுத்த தி பர்த் ஆஃப் எ நேஷன் எல்லா லிஸ்ட்லயும் இருக்கும். நான் ஆரம்பிக்கறவங்களுக்கு அத சொல்ல மாட்டேன். கறுப்பின மக்கள கேவலமா காட்டி கு க்ளக்ஸ் கிளான்ங்கற வெள்ளை இனவெறி அமைப்ப வீரர்களா காட்டற படம் அது, செத்துக் கிடந்த அந்த அமைப்பு அதே வருஷம் திரும்ப எழுந்ததுக்கு அந்தப் படமும் ஒரு தூண்டுதல், வெளியானப்பவே கறுப்பின அமைப்புகள் தெருவுல இறங்கி எதிர்த்தாங்க. எடிட்டிங் திறமைய கத்துக்கணும்னா மேல சொன்ன குறும்படங்களே போதும். பின்னாடி ஒரு நாள் பாக்கறதா இருந்தா ஆஸ்கர் மிஷோன்னு கறுப்பின இயக்குநர் 1920ல எடுத்த விதின் அவர் கேட்ஸ் படத்த முதல்ல பாருங்க. அந்தப் படம் தொலைஞ்சே போயிருந்துச்சு, ஸ்பெயின்ல ஸ்பானிஷ் டைட்டில் கார்டோட (நடுவுல வர்ற எழுத்து அட்டை) ஒரு பிரிண்ட் கிடைச்சதால தான் மீண்டு வந்துச்சு.

அஞ்சாவது படி: இப்ப முழுநீளம்

1924ல பஸ்டர் கீட்டன் எடுத்த ஷெர்லாக் ஜூனியர் தான் என்னோட தேர்வு, 45 நிமிஷம் தான், சிரிப்புக்கு மொழி வேண்டாம். தியேட்டர்ல படம் ஓட்டறவர் தூங்கிப்போய் கனவுல திரைக்குள்ள நுழையறார், அவர் நிக்கற இடத்துலயே காட்சி வெட்டி வெட்டி மாறுது, தோட்டம், தெரு, மலை விளிம்பு, கடல் பாறைன்னு, அவர் மட்டும் தடுமாறி விழுந்துக்கிட்டே இருக்கார். நீங்க இதுவரைக்கும் பாத்த "வெட்டு" என்னங்கறத அந்த ஒரு நிமிஷம் முழுசா விளையாடிக் காட்டும். ரயில் தண்ணித் தொட்டில இருந்து விழற காட்சில அவர் கழுத்தெலும்பு முறிஞ்சிருக்கு, அது தெரிஞ்சதே பல வருஷம் கழிச்சு.

அதுக்கப்புறம் உங்க ருசிக்கு. நிழலக்கூட செட்டுல பெயிண்ட் அடிச்சு வச்ச டாக்டர் கலிகாரி (ஜெர்மனி, 1920), டைட்டில் கார்டு கிட்டத்தட்ட இல்லாமலே ஒரு ஹோட்டல் வாசல் காவலரோட வீழ்ச்சிய சொல்ற தி லாஸ்ட் லாஃப் (1924), ஒடெஸா படிக்கட்டு வர்ற பொடெம்கின் (1925). மெட்ரோபோலிஸ் (1927) பாக்கறதா இருந்தா 2010ல வந்த ரெஸ்டோர் பண்ணின வெர்ஷன் மட்டும், ஏன்னா தொலைஞ்சு போயிருந்த சுமார் 25 நிமிஷம் 2008ல அர்ஜென்டினாவுல புவனோஸ் ஐரஸ்ல கிடைச்சு அதுல தான் சேந்துச்சு. நம்ம எல்லைய ஒரு வருஷம் தாண்டி 1928ல டிரையர் எடுத்த ஜோன் ஆஃப் ஆர்க் படம் முகங்களாலயே ஆன படம், அதோட ஒரிஜினல் பிரிண்ட் 1981ல ஆஸ்லோல ஒரு மனநல மருத்துவமனை அலமாரில கிடைச்சது.

இப்படி கிடைச்ச கதைகளா சொல்லிட்டே வந்தா எல்லாம் பத்திரமா இருக்குன்னு தோணிடும், அப்படி இல்ல. அப்பத்திய பிலிம் நைட்ரேட், லேசா தீப்பிடிக்கும், தானாவே மக்கும், பேசும்படம் வந்ததும் வெள்ளிக்காக உருக்கினாங்க. அமெரிக்காவுல எடுத்த முழுநீள மௌனப்படங்கள்ல ஒரிஜினல் வடிவத்துல மிஞ்சினது 14 சதவீதம் தான்னு லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 2013ல சொன்னாங்க. மெலியே 1923ல மனசு உடைஞ்சு தன் நெகட்டிவ்கள தானே எரிச்சார். நம்ம பக்கமும் இதே கதி. திருச்சில ரயில்வே வேலைல இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905ல டூபாண்ட்ங்கற பிரெஞ்சுக்காரர்கிட்ட புரொஜக்டரும் படங்களும் வாங்கி ஊர் ஊரா டென்ட் போட்டு காட்டினார், சென்னைல நடராஜ முதலியார் கீசக வதம் எடுத்தார், அதுல ஒரு அடி பிலிம் இன்னிக்கு இல்ல. தென்னிந்திய மௌனப்படத்துல பாக்கக் கிடைக்கறது புனே ஆர்க்கைவ்ல இருக்கற மார்த்தாண்ட வர்மா மாதிரி அபூர்வமா தான்.

எல்லாம் எங்க கிடைக்கும்னா, 1900ஐ ஒட்டின படங்கள் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் சைட்லயும் இன்டர்நெட் ஆர்க்கைவ்லயும் இலவசம், டேனிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் தங்களோட மௌனப்படங்களுக்குன்னே தனி சைட் வச்சிருக்காங்க, ஆம்ஸ்டர்டாம் ஐ (Eye) ஃபிலிம் மியூசியத்தோட யூட்யூப் சேனல்ல சாயம் ஏத்தின பிரிண்டுகள் அழகா இருக்கும். கடைசியா ரெண்டு படத்த ஒரே வார இறுதில பாருங்க, 1927 செப்டம்பர்ல வந்த மூர்னாவோட சன்ரைஸ், அக்டோபர் 6ல வந்து பேசும்பட காலத்த ஆரம்பிச்சு வச்ச தி ஜாஸ் சிங்கர். ரெண்டாவதுல பின்னணி இசை கூடவே ஓடும், ஆனா குரல் கேக்கறது பாட்டுலயும் கொஞ்சம் பேச்சுலயும் தான், மீதி வசனம் டைட்டில் கார்டு. முதல் படத்துல சதுப்பு நிலத்துக்குள்ள கேமரா கதாநாயகன் பின்னாடியே மிதந்து போற ஷாட்ட ஒரு தரம் பாத்துட்டு, ரெண்டாவதுல ஆள் பியானோ முன்னாடி உக்காந்து அம்மாகிட்ட பேசற காட்சிய போடுங்க, அதுல கேமரா எவ்வளவு நகருதுன்னு பாருங்க.